குழுத் தலைவரின் அதிகாரத்தை எடைபோடுவது எப்படி: சட்டமன்றக் குழுக்களைக் கவனிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மசோதாவைப் பின்தொடரத் தொடங்கும் புதியவர்கள், அவர்கள் இளம் செய்தியாளர்களாக இருந்தாலும், ஆய்வு மாணவர்களாக இருந்தாலும், ஏதேனும் ஒரு கோரிக்கைக்காகப் பாடுபடும் அமைப்பினராக இருந்தாலும், பெரும்பாலும் அவையில் நடக்கும் விவாதத்தையும் வாக்கெடுப்பையுமே உற்றுக் கவனிக்கிறார்கள். ஆனால் அந்த வாக்கெடுப்பு நடப்பதற்கு முன்பே, எந்த மசோதா எப்போது எடுத்துக்கொள்ளப்படும், அதைப் பற்றிப் பேச யார் அழைக்கப்படுவார்கள், எந்தத் திருத்தம் அச்சிட்ட அறிக்கையில் இடம்பெறும் என்பவை குழு அறையில் முடிவாகிவிடுகின்றன. அந்த முடிவுகளில் தனி ஒருவரின் கை ஓங்கியிருக்கும் என்றால் அவர் குழுத் தலைவர்தான். அவருடைய அதிகாரம் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் படிப்படியாகக் கண்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

1. குழு எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாக் குழுக்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில குழுக்கள் மசோதாவைப் பிரிவு பிரிவாக ஆராய்ந்து திருத்துகின்றன. சில குழுக்கள் அரசு ஏற்கெனவே செலவழித்த பணத்தின் கணக்கைப் பார்க்கின்றன. சில குழுக்கள் அவையின் அலுவல் வரிசையை வகுக்கின்றன. வேறு சில, குறிப்பிட்ட ஒரு விவகாரத்தை விசாரிப்பதற்காக மட்டும் அமைக்கப்பட்டு, அறிக்கை தந்ததும் கலைந்துவிடுகின்றன. மசோதாவை ஆராயும் குழுவின் தலைவருக்குத் தாமதப்படுத்தும் அதிகாரம் உண்டு. கணக்குக் குழுவின் தலைவருக்கு அம்பலப்படுத்தும் அதிகாரம் உண்டு. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் தவறான முடிவுக்கே வருவீர்கள். பெயரையும் நம்பிவிடக் கூடாது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் குழுத் தலைவர் கூட்டத்தை நடத்துகிறார் என்றாலும், ஒவ்வொரு சட்ட முன்மொழிவுக்கும் தனியாக நியமிக்கப்படும் அறிக்கையாளரே அதன் உள்ளடக்கத்தைப் பேசித் தீர்க்கும் முதன்மை ஆளாக இருக்கிறார்.

2. அந்த இடத்தில் அமர்த்தியவர் யார், இறக்கக்கூடியவர் யார் என்று பாருங்கள்

என் கணிப்பில், புதியவர் ஒருவருக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், அவர் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. ஒரு தலைவர் யாருக்கு அஞ்ச வேண்டும், யாருக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது அவர் அந்தப் பதவிக்கு வந்த வழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் பிரதிநிதிகள் அவையில் 1910இல் அவைத்தலைவர் ஜோசப் கேனனின் அதிகாரத்துக்கு எதிராக உறுப்பினர்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, குழுவில் நீண்ட காலம் இருந்தவரே தலைவராவார் என்ற பணிமூப்பு வழக்கம் வேரூன்றியது. தொகுதியில் தோற்காமல் இருந்தால் போதும், கட்சித் தலைமையின் தயவு தேவையில்லை என்ற நிலை ஏற்பட்டது. எதிர்ப்பே இல்லாத தொகுதிகளிலிருந்து மீண்டும் மீண்டும் வென்று வந்த தென்மாநில உறுப்பினர்கள் இதனால் பல முக்கியக் குழுக்களைப் பல பத்தாண்டுகள் தம் கைக்குள் வைத்திருந்தார்கள். இந்த அரண் 1975இல் உடைந்தது. வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு நடந்த தேர்தலில் புதிதாக வந்திருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் உந்துதலால், ரைட் பாட்மன், எட்வர்ட் ஏபேர், டபிள்யூ. ஆர். போஜ் ஆகிய மூன்று மூத்த தலைவர்களைக் கட்சிக் கூட்டம் வாக்கெடுத்து நீக்கியது. நீக்கப்பட்டவர்கள் மூவர்தான், ஆனால் மற்றத் தலைவர்கள் அனைவரும் அன்று முதல் தம் கட்சி உறுப்பினர்களின் முகக்குறிப்பைப் பார்த்தே நடக்க வேண்டியதாயிற்று. 1995இல் பெரும்பான்மை பெற்ற குடியரசுக் கட்சி, ஒருவர் தொடர்ந்து மூன்று பருவங்களுக்கு, அதாவது ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குழுவின் தலைவராக இருக்கக் கூடாது என்று வரம்பு விதித்தது. இந்த வரம்பால் கட்சித் தலைமையின் பிடி இறுகியது. ஏனென்றால் ஒரு குழுவை விட்டு இறங்குபவர் அடுத்த பதவிக்குத் தலைமையிடம்தான் போய் நிற்க வேண்டும்.

பிரிட்டனில் கதை வேறு திசையில் நகர்ந்தது. 2001இல் போக்குவரத்துத் துறைக் குழுவின் க்வினெத் டன்வுடி, வெளியுறவுக் குழுவின் டொனால்ட் ஆண்டர்சன் ஆகிய இருவரையும் ஆளுங்கட்சிக் கொறடாக்கள் பட்டியலிலிருந்து கழற்றிவிட முயன்றபோது, மக்களவை அதை வாக்கெடுப்பில் தோற்கடித்தது. 2010 முதல், அரசின் பணியை ஆராயும் தெரிவுக் குழுக்களில் பெரும்பாலானவற்றின் தலைவர்களை அவை முழுவதும் இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. எந்தக் குழு எந்தக் கட்சிக்கு என்பது முன்பே பேசி ஒதுக்கப்பட்டாலும், அந்தக் கட்சிக்குள் யார் என்பதை எதிர்க்கட்சியினரும் சேர்ந்தே தீர்மானிப்பதால், சொந்தக் கட்சியின் அமைச்சரையே துளைத்தெடுக்கத் தயங்காதவர்களுக்கு வாய்ப்புக் கூடியது.

இந்திய மக்களவையில் நாடாளுமன்றக் குழுக்களின் தலைவர்களைச் சபாநாயகர் நியமிக்கிறார். துறை சார்ந்த 24 நிலைக்குழுக்களில் 8 குழுக்களின் தலைவர்களை மாநிலங்களவைத் தலைவர் நியமிக்கிறார். ஒவ்வொரு குழுவிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருப்பார்கள். குழுவின் ஆயுள் ஓராண்டுக்கு மேல் போவதில்லை. அந்த ஓராண்டு வரம்பைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு துறையின் கோப்புகளை ஒரு தலைவர் பழகி முடிப்பதற்குள் ஆண்டு முடிந்துவிடும் என்பதால், அவருக்கு எதிரே அமரும் அதிகாரிகள் காலத்தைக் கடத்தியே தப்பித்துவிட முடிகிறது. பொதுக் கணக்குக் குழு மட்டும் மரபால் சற்று வலுவானது. 1967இல் எம். ஆர். மசானி தலைவரானதிலிருந்து அப்பதவி எதிர்க்கட்சிக்கே தரப்பட்டு வருகிறது. அமைச்சர் எவரும் அதில் உறுப்பினராக இருக்க முடியாது.

ஜெர்மனியில் தலைவர் பதவிகள் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பகிரப்படுகின்றன. வரவுசெலவுக் குழுவை எதிர்க்கட்சிகளில் பெரியதற்குத் தருவது அங்கே நெடுநாள் வழக்கம். ஆனால் பகிர்ந்து கொடுத்த பதவியும் பறிபோகலாம். 2019 நவம்பரில் சட்ட விவகாரக் குழு தன் தலைவர் ஸ்டெபான் பிராண்ட்னரை வாக்கெடுத்து நீக்கியது. அந்த நாடாளுமன்றத்தின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அந்த நீக்கம் செல்லும் என்று 2024இல் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

3. விதிப் புத்தகத்தில் சில வரிகளை மட்டும் தேடிப் படியுங்கள்

விதிகள் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. கூட்டத்தைக் கூட்டுபவர் யார், குறைவெண் (கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) எத்தனை, வாக்குகள் சமமானால் என்ன ஆகும், சாட்சிகளை அழைக்கும் உரிமை தலைவருக்கா குழுவுக்கா, கூட்டம் திறந்ததா மூடியதா என்பவற்றைத் தனித் தாளில் எழுதிக்கொண்டால் போதும். இந்திய மக்களவைக் குழுக்களில் குறைவெண் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு. வாக்குகள் சமமானால் தலைவருக்குத் தீர்மானிக்கும் வாக்கு உண்டு. ஒருவருடைய சாட்சியமோ ஓர் ஆவணமோ குழுவின் வேலைக்குத் தொடர்புடையதா என்ற கேள்வி எழுந்தால் அது சபாநாயகரிடம் போகும். அவர் முடிவே இறுதி. ஆக, அழைக்கும் அதிகாரம் குழுவிடம் இருப்பது போலத் தோன்றினாலும், உண்மையான பூட்டு வேறொரு மேசையில் இருக்கிறது. இத்தகைய வரிகளைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

விதியில் இல்லாத வழக்கங்களும் உண்டு. அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழுவில், ஒரு நீதிபதி நியமனத்துக்கு அந்த மாநிலத்தின் செனட்டர்கள் நீல நிறத் தாளில் ஒப்புதல் தெரிவிக்க வேண்டும் என்ற நடைமுறை நெடுங்காலமாக இருக்கிறது. அது சட்டமும் இல்லை, அவை விதியும் இல்லை. ஒவ்வொரு தலைவரும் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறாரோ அவ்வளவுதான் அதன் வலிமை.

4. நாட்காட்டியைப் படியுங்கள்

குழுத் தலைவரின் ஆகப் பெரிய ஆயுதம் தேதி. ஒரு மசோதாவை எதிர்த்து வாக்களித்தால் அது பதிவில் நிற்கும், தொகுதியில் பதில் சொல்ல வேண்டிவரும். அதையே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தால் பதிவில் எதுவும் இராது. எனவே குழுவின் நிகழ்ச்சி நிரலை வாரந்தோறும் எடுத்து, எடுத்துக்கொள்ளப்பட்டவற்றை விட, அனுப்பப்பட்டும் எடுக்கப்படாதவற்றுக்கு ஒரு தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மசோதாவுக்கும் நேரே அது குழுவுக்கு வந்த தேதி, முதல் விசாரணைத் தேதி, பிரிவு வாரியாக ஆராயத் தொடங்கிய தேதி ஆகிய மூன்றையும் குறித்து வந்தால், சில மாதங்களில் அந்தத் தலைவரின் விருப்பு வெறுப்புகள் அவருடைய பேட்டிகளை விடத் தெளிவாக உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த ஆயுதத்தை ஹோவர்ட் ஸ்மித் அளவுக்குக் கூச்சமின்றிப் பயன்படுத்தியவர்கள் குறைவு. விர்ஜீனியாவைச் சேர்ந்த அவர் 1955 முதல் 1967 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் விதிகள் குழுவுக்குத் தலைவராக இருந்தார். மற்றக் குழுக்கள் முடித்து அனுப்பும் முக்கிய மசோதாக்கள் எந்த நிபந்தனையில், எவ்வளவு நேரம் அவையில் விவாதிக்கப்படலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குழுவே. 1957இல் குடிமை உரிமைகள் மசோதா தன் குழுவுக்கு வந்தபோது, தம் பண்ணையில் தொழுவம் எரிந்துவிட்டது, போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர் தலைநகரை விட்டே கிளம்பிவிட்டார். தலைவர் இல்லாமல் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாமல் மசோதா நகரவில்லை. மசோதாவை நிறுத்தத் தொழுவத்துக்குத் தாமே தீ வைக்கக்கூடியவர் அவர் என்று அவைத்தலைவர் சாம் ரேபர்ன் கேலி செய்ததாகச் சொல்வார்கள். ஆனால் கேலியால் தீர்ந்துவிடக்கூடிய சிக்கல் அல்ல அது. 1961இல் அந்தக் குழுவின் உறுப்பினர் எண்ணிக்கையை 12இலிருந்து 15ஆக உயர்த்தி ஸ்மித்தின் பெரும்பான்மையை உடைக்க ரேபர்ன் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அது 217க்கு 212 என்ற நூலிழை வேறுபாட்டில்தான் வென்றது.

நியமனங்களிலும் இதே முறை செல்லுபடியாகும். 1997இல் மெக்சிகோவுக்கான தூதராக வில்லியம் வெல்டின் பெயரை அதிபர் கிளின்டன் முன்மொழிந்தபோது, செனட் வெளியுறவுக் குழுத் தலைவர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் விசாரணைக்கே தேதி தரவில்லை. ஹெல்ம்ஸும் வெல்டும் ஒரே கட்சிக்காரர்கள் என்பதும் உதவவில்லை. வெல்ட் தாமாக விலகிக்கொண்டார். 2016இல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்டுக்கும் நீதித்துறைக் குழுவில் விசாரணை நடக்கவில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். முன்னது பெரும்பாலும் ஒரு தலைவரின் தனிப் பிடிவாதம். பின்னது செனட் பெரும்பான்மைத் தலைமை முதலில் அறிவித்த முடிவைக் குழுத் தலைவர் நிறைவேற்றியது. தாமதம் தலைவருடையதா, அவருக்குப் பின்னால் நிற்பவருடையதா என்று பிரித்தறிவதுதான் இந்தப் படியின் கடினமான பகுதி.

5. யார் அழைக்கப்படுகிறார்கள், கேள்வி யாரிடமிருந்து வருகிறது என்று கவனியுங்கள்

சாட்சிகளின் பட்டியலைக் கூட்டத்துக்கு முன்பே எடுத்துப் பாருங்கள். துறைச் செயலர் மட்டும் அழைக்கப்பட்டிருக்கிறாரா, பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்களா, வரிசையில் முதலில் பேசுபவர் யார் என்பதெல்லாம் தலைவர் முன்கூட்டியே எந்த முடிவை நோக்கி நடக்கிறார் என்பதைக் காட்டும். சிறுபான்மைத் தரப்புக்கும் சாட்சிகளை அழைக்கும் உரிமை சில அவைகளில் உண்டு. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் ஒரு பொருள் குறித்த விசாரணையில் ஒரு நாளையாவது தங்கள் சாட்சிகளுக்காக அவர்கள் கேட்டுப் பெறலாம்.

விசாரணையின் வலிமை சட்ட அதிகாரத்தில் மட்டும் இல்லை. 2012 நவம்பரில் பிரிட்டனின் பொதுக் கணக்குக் குழுத் தலைவர் மார்கரெட் ஹாட்ஜ், ஸ்டார்பக்ஸ், கூகுள், அமேசான் ஆகிய நிறுவனங்களின் அதிகாரிகளை அமரவைத்து, இவ்வளவு விற்பனை செய்தும் இவ்வளவு குறைவாக வரி கட்டுவது ஏன் என்று கேட்டார். ஒரு பவுண்டு வரி விதிக்கும் அதிகாரமும் அந்தக் குழுவுக்குக் கிடையாது. ஆனாலும் அடுத்த மாதமே ஸ்டார்பக்ஸ் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2 கோடி பவுண்டைத் தாமாகச் செலுத்துவதாக அறிவித்தது. 1966இல் செனட் வெளியுறவுக் குழுத் தலைவர் வில்லியம் ஃபுல்பிரைட் வியட்நாம் போர் குறித்த விசாரணையைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பச் செய்ததும் இவ்வகையே. தம் கட்சியின் அதிபரே நடத்திய போரைக் கேள்விக்குட்படுத்த அவருக்கு அந்த மேடை உதவியது. இந்தியாவில் குழுக் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால் தலைவருக்கு இந்த மேடை இல்லை. அதற்குப் பதிலாக, கட்சி கடந்து மனம்விட்டுப் பேசும் வசதி உறுப்பினர்களுக்குக் கிடைக்கிறது. எது மேல் என்று கேட்டால், கணக்கு ஆய்வுக்குத் திறந்த கூட்டமும் மசோதாவைத் திருத்துவதற்கு மூடிய கூட்டமும் பொருந்தும் என்பேன்.

இங்கேயே குழுவின் பணியாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் குழுப் பணியாளர்களில் பெரும்பகுதியினரைப் பெரும்பான்மைத் தரப்பின் தலைவரே அமர்த்துகிறார்; இந்தியாவில் அவர்கள் அவைச் செயலகத்தின் நிலையான அலுவலர்கள். முன்னதில் தலைவர் மாறினால் அறையே மாறிவிடும். பின்னதில் தலைவர் போனாலும் கோப்பை அறிந்தவர் அங்கேயே இருப்பார். விவரம் தேடுபவர்கள் அவரைத்தான் முதலில் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

6. அறிக்கையை இறுதிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

அறிக்கையின் வரைவு தலைவரின் பெயரால் வருகிறது. எந்தக் கண்டுபிடிப்பு முதல் அத்தியாயத்தில், எது பின்னிணைப்பில் என்பதில் அவர் விருப்பம் நிறையவே கலந்திருக்கும். ஆகவே முதலில் பின்னிணைப்பில் உள்ள கூட்டக் குறிப்புகளையும், மாற்றுக் கருத்துக் குறிப்புகளையும் படியுங்கள். போஃபர்ஸ் பேரம் குறித்து பி. சங்கரானந்த் தலைமையில் 1987இல் அமைக்கப்பட்ட கூட்டுக் குழுவை எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. அரசுக்குச் சாதகமாக முடிந்த அதன் அறிக்கையில், அ.தி.மு.க. உறுப்பினர் ஆலடி அருணா எழுதிய மாற்றுக் கருத்துதான் பின்னாளில் அதிகம் பேசப்பட்டது.

வரைவு தலைவருடையது என்பதால் அறிக்கையும் அவருடையதாகிவிடாது. 2011 ஏப்ரலில் அலைக்கற்றை ஒதுக்கீடு குறித்துப் பொதுக் கணக்குக் குழுத் தலைவர் முரளி மனோகர் ஜோஷி தயாரித்த வரைவு குழுவின் முன் வந்தபோது, அவர் கூட்டத்தை ஒத்திவைத்து வெளியேறினார். மீதமிருந்தவர்கள் கலைந்துபோகவில்லை. 21 உறுப்பினர்களில் 11 பேர் சேர்ந்து சைஃபுதீன் சோஸைத் தலைவராக அமரவைத்து, அந்த வரைவை நிராகரித்து வாக்களித்தார்கள். அந்த வாக்கெடுப்பே செல்லாது என்றார் ஜோஷி. வரைவைச் சபாநாயகர் மீரா குமாரிடம் கொடுத்தார். அவர் பின்னர் அதைத் திருப்பி அனுப்பினார். கூட்டத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் முடிந்த ஒரு தலைவர், பெரும்பான்மை கையில் இல்லாதபோது ஓர் அறிக்கையை நிறைவேற்ற முடியாமல் போனதற்கு இதை விடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

7. சுற்றிப் போகும் வழிகள் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்

தலைவர் ஒரு மசோதாவைப் பூட்டிவைத்தால் அதை வெளியே எடுக்க அவைக்கு வழி உண்டா? இருந்தால் அது எவ்வளவு கடினம்? அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் 218 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் மசோதாவைக் குழுவிடமிருந்து விடுவிக்கலாம். கையெழுத்திடுபவர்கள் அந்தத் தலைவரிடம் நாளை வேறொரு காரியத்துக்குப் போய் நிற்க வேண்டியவர்கள் என்பதால், இது அரிதாகவே வெற்றி பெறுகிறது. ஆனால் மிரட்டலாகப் பயன்படும்போது பலன் தருவதுண்டு. 1963 இறுதியில் அப்படி ஒரு மனு சுற்றுக்கு வந்த பிறகுதான், குடிமை உரிமைகள் மசோதாவுக்கு விசாரணை நடத்த அதே ஸ்மித் இசைந்தார். செனட்டில், நீதித்துறைக் குழுத் தலைவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாந்தின் கையில் சிக்கிவிடாமலிருக்க, 1964 பிப்ரவரியில் அந்த மசோதாவைக் குழுவுக்கே அனுப்பாமல் நேராக அவையின் அலுவல் பட்டியலில் வைத்தார்கள்.

இந்தியாவில் பிரச்சினை தலைகீழானது. மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அனுப்பினாலும் குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆகவே இங்கே தலைவர் பூட்டிவைப்பாரா என்று கேட்பதற்கு முன், மசோதா அவரிடம் வந்து சேருமா என்று கேட்க வேண்டும். பரிந்துரைகளை அரசு ஏற்றதா, மழுப்பியதா என்பதை நடவடிக்கை அறிக்கைகள் காட்டும். பிரிட்டனில் தெரிவுக் குழு அறிக்கைக்கு அரசு இரண்டு மாதங்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது மரபு. பதிலைக் கேட்டு விடாமல் துரத்தும் தலைவரும், அறிக்கையை அவையில் வைத்ததோடு கைகழுவிவிடும் தலைவரும் விதிப்படி சம அதிகாரம் உடையவர்களே. செல்வாக்கில் அவர்களுக்கிடையே உள்ள தூரம் மிக அதிகம்.

8. அணுகும்போது

இத்தனையும் அறிந்த பிறகு ஒரு குழுவிடம் கோரிக்கையோ கருத்துரையோ தருவதாக இருந்தால், அதைத் தலைவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். குழுச் செயலகத்துக்கு முறையாக அனுப்பி ஒப்புகை பெறுங்கள். அந்தப் பொருளில் ஆர்வம் காட்டிவரும் இரண்டொரு உறுப்பினர்களுக்கும் படி அனுப்புங்கள். கருத்துரையின் முதல் பக்கத்திலேயே எந்தப் பிரிவில், எந்தச் சொற்களை நீக்கி, எந்தச் சொற்களைச் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தால், வரைவைத் தயாரிக்கும் அலுவலர் அதை அப்படியே எடுத்து வைக்க முடியும். நீண்ட முன்னுரைகள் படிக்கப்படுவதில்லை. குழுவின் ஆயுள் முடியும் தேதியையும் அவை கலையும் வாய்ப்பையும் பார்த்து, அதற்குக் குறைந்தது இரண்டு கூட்டங்கள் முன்னதாக உங்கள் கருத்துரை போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். தலைவர் மாறிவிட்டால், முந்தைய குழுவுக்கு அனுப்பியதன் ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு, புதிய குழு அந்தப் பொருளை ஆய்வுக்கு எடுத்திருக்கிறதா என்று செயலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். எடுக்கவில்லை என்று பதில் வந்தால், உங்கள் நாட்காட்டியில் அந்த மசோதாவுக்கு நேரே புதிய தலைவரின் பெயரை எழுதி, முதல் தேதியிலிருந்து மீண்டும் கணக்கிடத் தொடங்குங்கள்.